வெல்வெட் துணி, அலுமினியக் கட்டை, ஒரு பழைய கேள்வி: ரெப்ளிகா பிளேட்டிங் செட் மதிப்புரை

மருந்தை எதிர்க்கும் திறன் பாக்டீரியாவுக்கு எப்போது வருகிறது? மருந்தைச் சந்தித்த பிறகா, சந்திப்பதற்கு முன்பேயா? ஒரு சதுரத் துணி, ஓர் உருளைக் கட்டை, ஒரு வளையம், இவ்வளவை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை காட்டிவிடலாம். 1952-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் வெளியிட்ட முறை இது. வட்டத் தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை (காலனிகளை) துணியில் ஒற்றி, அதே இட அமைப்பில் வேறு தட்டுகளுக்குப் படியெடுப்பதுதான் ரெப்ளிகா பிளேட்டிங். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் கருவியின் வடிவம் பெரிதாக மாறவில்லை.

செட் நல்லது, வாங்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனையைக் காட்டிவிட்டு "சடுதி மாற்றம் தற்செயலானது, பரிணாமத்தின் புதுமை எல்லாம் அதிலிருந்தே வருகிறது" என்று முடிக்கும் வழக்கம் வகுப்பறைகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்த வாக்கியத்தின் முன்பாதியில் ஒரு பங்கைத்தான் இந்தக் கருவியால் காட்ட முடியும். பின்பாதியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தற்செயல் மாற்றத்துக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் எவை நின்றன, எவை விழுந்தன என்பதை இதே துணியை வைத்துக் கணிசமான தூரம் சோதிக்கலாம். அதற்கு வேண்டியவை செட்டின் பெட்டிக்குள் இருப்பதில்லை. அவற்றையும் சேர்த்தே இங்கே பார்க்கிறோம்.

முதலில் துணி. எல்லாப் பழுதும் இங்கேதான் தொடங்கும். வேண்டியது பருத்தி வெல்வெட்டீன். குட்டையான, நெருக்கமான, நிமிர்ந்து நிற்கும் மயிர். ஒவ்வொரு மயிரும் ஒரு நுண்ணிய ஊசிபோல வேலை செய்கிறது. தட்டில் தொடும் இடத்தில் சில செல்களை எடுத்து, அடுத்த தட்டில் அதே இடத்தில் வைக்கிறது. பாலியஸ்டர் வெல்வெட் பார்வைக்கு இதைவிடப் பளபளப்பாக இருக்கும். ஆனால் அதன் மயிர் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) சூட்டில் சாய்ந்து படுத்துவிடும், ஈரத்தையும் சரியாகப் பிடிக்காது. புடவைக் கடைத் துணியை வெட்டிப் பயன்படுத்தலாமா என்றால், பருத்தியாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகி மணிபோல் திரண்டால் பாலியஸ்டர்.

அளவு 15 செ.மீ. சதுரம். ஒரு வகுப்புக்குக் குறைந்தது 12 துண்டு வேண்டும். ஒரு மூலத் தட்டுக்கு ஒரு துண்டு, அதை மறுபடி கிருமி நீக்காமல் தொடக் கூடாது. புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் முதல் ஆட்டோகிளேவ். சோப்புத்தூள் போட்டால் அதன் எச்சம் துணியில் தங்கி செல்களைக் கொல்லும். கறுப்பு அல்லது கருநீலம் நல்லது. காலனிகள் பதிந்த தடம் அதில் வெளிறித் தெரியும், எங்கே ஒட்டவில்லை என்பதும் உடனே புலப்படும்.

அடுத்து கட்டை. கடைசல் பிடித்த அலுமினிய உருளை, பிளாஸ்டிக் உருளை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் அட்டை என மூன்று வகை கிடைக்கிறது. எங்கள் ஓட்டு அலுமினியத்துக்குத்தான். அதன் எடையே அழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது, ஆட்டோகிளேவில் வளைவதும் இல்லை. வாங்குமுன் விட்டத்தைப் பாருங்கள். இங்கே பெரும்பாலும் புழங்குவது 90 மி.மீ. தட்டு. வெளிநாட்டுச் செட்டுகள் பல 100 மி.மீ. தட்டுக்கானவை. கட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் துணியின் மடிப்பு தட்டின் சுவரில் உரசி அகாரை (தட்டில் பாக்டீரியா வளரும் கூழை) கிழித்துவிடும். உங்கள் தட்டின் உள்விட்டத்தை அளந்து, அதில் 5 மி.மீ. கழித்தால் கட்டையின் அளவு கிடைக்கும். மேல்முகத்தை ஒரு கண்ணாடிமேல் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளையம் திருகு வைத்ததாக இருக்கட்டும். ரப்பர் பட்டை சூட்டில் இளகி, மூன்றாம் தட்டில் துணி நழுவும். நழுவிய துணியில் வரும் பிரதி, பிரதியே இல்லை.

தட்டுகளில் அவசரம் கூடாது. ஒரு தட்டுக்கு 25 மி.லி., அகார் 2 சதவீதம். வழக்கமான 1.5 சதவீதத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் துணி பதியும்போது சுருங்காது. மட்டமான மேசையில் ஊற்ற வேண்டும். சாய்ந்து உறைந்த தட்டில் பாதி மட்டுமே பதியும். ஊற்றிய தட்டை அறை வெப்பத்தில் இரண்டு நாள் உலர விடுங்கள். ஈரத் தட்டில் காலனிகள் வால்நட்சத்திரம்போல் இழுபடும், எது எந்த இடம் என்பதே தெரியாது. இந்தச் சோதனையின் உயிரே இடம்தான்.

சோதனை உயிரி ஈ. கோலை கே-12, ஆய்வகத்தில் பழக்கப்பட்ட தீங்கில்லாத வகை. மருந்து ரிஃபாம்பிசின். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் மி.லி.க்கு 50 மி.கி. கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் அகாருக்கு 2 மி.லி. சேர்த்தால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் வரும். அகார் 50 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். வெளிச்சம் ஆகாத மருந்து இது. தட்டுகளை அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நிறம் மங்கிய பழைய தட்டில் எல்லாமே வளரும், அதை எதிர்ப்புத் திறன் என்று எண்ணிக்கொள்ளும் பிழை அடிக்கடி நடக்கிறது.

செய்முறைக்கு வருவோம். சாதாரண எல்பி (சத்து நிறைந்த பொது உணவு) தட்டில் சுமார் 10 லட்சம் செல்களைப் பரப்பி, 37 டிகிரியில் 5 முதல் 6 மணி நேரம் வைத்தால் மெல்லிய பாசிபோல் படலம் தெரியும். அதுதான் மூலத் தட்டு. இரவு முழுக்க விட்டுவிட்டால் படலம் தடித்து, துணி அப்பியெடுத்துக்கொண்டு வந்து மருந்துத் தட்டில் சேறுபோல் பூசிவிடும். 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து நன்றாக உலர்ந்த துணியைக் கட்டைமேல் இழுத்துக் கட்டுங்கள். கட்டையில் ஒரு கோடு, ஒவ்வொரு தட்டின் அடியிலும் பன்னிரண்டு மணி நிலையில் ஒரு கோடு. இந்தக் கோடுகள் பொருந்தவில்லை என்றால் மீதி எல்லாம் வீண். மூலத் தட்டைக் கவிழ்த்து விரல் நுனியால் மெல்லத் தொட்டு எடுங்கள். உள்ளங்கையால் அழுத்தாதீர்கள். பிறகு வரிசையாக ஒரு சாதாரணத் தட்டு, மூன்று ரிஃபாம்பிசின் தட்டு, கடைசியில் இன்னொரு சாதாரணத் தட்டு. கடைசித் தட்டை விட்டுவிடும் செய்முறைத் தாளை நம்ப வேண்டாம். மூன்றாம் மருந்துத் தட்டில் காலனி இல்லை என்றால், உண்மையில் எதிர்ப்பு இல்லையா, அல்லது துணியில் செல்லே மிச்சமில்லையா என்பதைச் சொல்லக்கூடியது அந்தத் தட்டு ஒன்றுதான்.

மறுநாள் மூன்று மருந்துத் தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் சில காலனிகள் இருக்கும். மருந்தைத் தொட்ட பிறகு ஒவ்வொரு தட்டிலும் தனித்தனியாக எதிர்ப்பு தோன்றியிருந்தால் இடம் இப்படி ஒத்துப்போகக் காரணம் இல்லை. மருந்தையே பார்க்காத மூலத் தட்டில், அந்த இடத்தில், எதிர்க்கும் செல்களின் ஒரு சிறு கூட்டம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒரே தட்டில் மட்டும் தெரியும் காலனிகளும் சில இருக்கும். அவை மூலத் தட்டில் கடைசி நேரத்தில் உண்டான மிகச் சிறிய கூட்டங்களாக இருக்கலாம், மூன்று தட்டுக்கும் பங்கு போதவில்லை.

பல வகுப்புகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. லெடர்பெர்க் தம்பதியரின் சோதனையில் உண்மையான அழுத்தம் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. மருந்துத் தட்டில் காலனி தெரிந்த இடத்துக்கு நேராக, மூலத் தட்டிலிருந்து 5 மி.மீ. வட்டத்தைச் சுரண்டி எடுங்கள். அந்தச் செல்கள் மருந்தை ஒருபோதும் தொட்டதில்லை. 90 மி.மீ. தட்டில் அந்த வட்டம் சுமார் 320-இல் ஒரு பங்கு. தட்டில் ஒரே ஒரு எதிர்ப்புக் கூட்டம் இருந்து, நீங்கள் அதைச் சரியாகப் பிடித்திருந்தால், எதிர்ப்புச் செல்களின் செறிவு ஒரே தாவலில் 300 மடங்குக்கு மேல் ஏறும். அதை வளர்த்து மறுபடி பரப்பி, மறுபடி பிரதி எடுத்து, மறுபடி அதே இடத்தைச் சுரண்டுங்கள். சில சுற்றுகளில் தனிக் காலனிகளாகவே பிரித்துவிடலாம். கடைசியில் கையில் இருப்பது தானும் மருந்தைக் காணாத, முன்னோரும் காணாத, முழுக்க மருந்தை எதிர்க்கும் ஒரு வம்சம். இடம் ஒத்துப்போவதைக் காட்டுவதைவிட நூறு மடங்கு வலுவான சான்று இது. ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரத்தைக் கொடுங்கள்.

செட்டோடு சேர்த்துச் செய்ய வேண்டிய துணைச் சோதனை ஒன்று உண்டு. 1943-இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் வெளியிட்ட ஏற்ற இறக்கச் சோதனை. தனித்தனியே வளர்ந்த குழாய்களில் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது அது. கருவி எதுவும் வேண்டாம், 33 சோதனைக் குழாய் போதும். இரவு வளர்ந்த வளர்ப்பில் மி.லி.க்கு 200 கோடி செல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை நூறில் ஒன்றாகவும், பிறகு நாற்பதில் ஒன்றாகவும் எல்பியில் நீர்த்தால் மி.லி.க்கு 5,000 செல். குழாய்க்கு 0.2 மி.லி. வீதம் ஊற்றினால் ஒவ்வொன்றும் சுமார் 1,000 செல்லோடு தொடங்கும். 24 மணி நேரம் குலுக்கி வளர்த்து, ஒவ்வொரு குழாயின் முழு அளவையும் தனித்தனி ரிஃபாம்பிசின் தட்டில் பரப்பி, 48 மணியில் எண்ணுங்கள். மொத்தச் செல் கணக்குக்கு மூன்று குழாயைத் தனியே ஒதுக்கி, பத்து லட்சத்தில் ஒன்றாக நீர்த்து 0.1 மி.லி. பரப்பினால் தட்டுக்குச் சுமார் 200 காலனி வரும்.

தொடக்க எண்ணிக்கை 1,000 என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்துக் கோடி செல்லோடு தொடங்கினால் ஒவ்வொரு குழாயிலும் முன்பே எதிர்ப்புச் செல்கள் குடியேறியிருக்கும். எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வரும். தேவைக்கேற்பப் பிறகு தோன்றியவைபோல் அது தோற்றம் காட்டும். தப்பான நீர்த்தல் தப்பான பரிணாமக் கொள்கையையே நிரூபித்துவிடும்.

விடையை எப்படிப் படிப்பது என்பதற்கு லூரியா, டெல்புரூக்கின் எண்களையே எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவைத் தாக்கும் டி1 வைரஸை எதிர்த்த பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, 20 வளர்ப்புகளில்: 1, 0, 3, 0, 0, 5, 0, 5, 0, 6, 107, 0, 0, 0, 1, 0, 0, 64, 0, 35. சராசரி 11-ஐச் சற்றே தாண்டுகிறது, பரவற்படியோ (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 700-க்கும் மேல். வைரஸைச் சந்தித்த பிறகுதான் ஒவ்வொரு செல்லும் சிறு வாய்ப்பில் எதிர்ப்பைப் பெறுகிறது என்றால் இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சராசரி 11.35 இருக்கும்போது வெறும் தட்டு வருவது சுமார் 85,000-இல் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 20-இல் 11 வெறும் தட்டு. 107 வந்த குழாயில் மாற்றம் வளர்ச்சியின் தொடக்கத்திலேயே நேர்ந்து, பிள்ளை பேரன் என்று பெருகியிருக்கிறது.

வீதத்தையும் வெறும் தட்டுகளிலிருந்தே கணக்கிடலாம். 30 தட்டில் 11 வெறுமை என்றால், 11-ஐ 30-ஆல் வகுத்து அதன் இயல் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் 1 வருகிறது. குழாய்க்குச் சராசரி ஒரு மாற்ற நிகழ்வு. குழாயில் 40 கோடி செல் இருந்தால் வீதம் 40 கோடிக்கு ஒன்று. வெறும் தட்டின் பங்கு பத்தில் ஒன்றுக்குக் கீழே போனாலோ பத்தில் ஏழுக்கு மேலே போனாலோ இந்தக் குறுக்குவழியை நம்பக் கூடாது. வளர்ப்பின் அளவை மாற்றி மறுபடி செய்யுங்கள். ஒப்பீட்டுக்கு ஒரே பெரிய குழாயிலிருந்து 10 பங்கு எடுத்துப் பரப்புவதும் கட்டாயம். அதில் ஏற்ற இறக்கம் சிறிதாக இருந்தால்தான் மற்றதில் தெரியும் ஏற்ற இறக்கம் உங்கள் பிப்பெட்டின் குளறுபடி அல்ல என்று சொல்ல முடியும்.

இவ்வளவும் சரி. இனி இந்தச் செட்டின் பெரிய குறை. ரிஃபாம்பிசினும் டி1 வைரஸும் செல்லின் இயக்கத்தையே நிறுத்துபவை. ரிஃபாம்பிசின், டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதும் நொதியையே பூட்டிவிடுகிறது. மருந்தைக் கண்ட பிறகு மாற்றம் நேர்ந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள அந்தச் செல்லுக்கு வழி இல்லை. அதாவது, பிற்பாடு நேரும் மாற்றங்கள் தென்படவே முடியாதபடி சோதனை அமைந்திருக்கிறது. முன்பே நேர்ந்த மாற்றங்கள் உண்டு என்று இது நிறுவுகிறது. பிற்பாடு நேருபவை இல்லை என்று நிறுவவில்லை. இந்த ஓட்டையைத்தான் 1988-இல் ஜான் கெய்ர்ன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் நேச்சர் இதழில் சுட்டிக்காட்டினார்கள். செல்லைக் கொல்லாமல், மாறியவற்றை மட்டும் வளரவிடும் தேர்வில், லாக்டோஸ் மட்டுமே உணவாக உள்ள தட்டில் பட்டினி கிடக்கும் செல்களில், லாக்டோஸைச் செரிக்கும் மாற்றங்கள் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகின்றன என்றார்கள். தனக்கு எந்த மாற்றம் வேண்டும் என்று செல்லே தேர்ந்துகொள்ளும் வழி இருக்கக்கூடும் என்றும் எழுதினார்கள். உயிரியலில் பெரும் புயல் அது.

உங்கள் செட்டோடு இந்தச் சோதனையையும் செய்ய எஃப்சி40 என்ற வகை வேண்டும். 1991-இல் கெய்ர்ன்ஸும் பட்ரிசியா ஃபாஸ்டரும் அறிமுகப்படுத்தியது. இதன் குரோமோசோமில் லாக்டோஸ் ஜீன்கள் இல்லை. அவை எஃப் பிளாஸ்மிட் (செல்லிலிருந்து செல்லுக்குப் போகக்கூடிய சிறு டிஎன்ஏ வளையம்) ஒன்றில், டிஎன்ஏவில் ஓர் எழுத்து கூடுதலாகி, மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை (வாசிப்புச் சட்டகம்) தவறிய நிலையில் இருக்கின்றன. ஓர் எழுத்து குறைந்தால் சட்டகம் சரியாகி லாக்டோஸைச் செரிக்கும். கிளிசரால் சேர்த்த எம்9 (உப்புகளாலான எளிய ஊடகம்) நீர்மத்தில் நிறைய வளர்த்து, 10 கோடி செல்லை 0.1 சதவீத லாக்டோஸ் கொண்ட எம்9 தட்டில் பரப்புங்கள். கூடவே, லாக்டோஸ் ஜீனே இல்லாத துப்புரவு வகைச் செல்களைப் பத்து மடங்கு சேர்க்க வேண்டும். அகாரில் ஒட்டியிருக்கும் பிற உணவுத் துணுக்குகளை அவை தின்று தீர்த்துவிடும். இதை விட்டால் எஃப்சி40 செல்கள் அந்தத் துணுக்கில் பெருகி, நீங்கள் காண்பது வெறும் வளர்ச்சியாகிவிடும். இரண்டாம் நாளில் தெரியும் காலனிகள் முன்பே இருந்தவை. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை புதிது புதிதாக வருபவைதான் கேள்விக்குரியவை. ஒவ்வொரு நாளும் காலனிகளுக்கு இடைப்பட்ட அகாரில் ஒரு துண்டைத் தோண்டி, அதில் உயிருள்ள எஃப்சி40 எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால் அன்றைய கணக்கைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

இங்கே வெல்வெட் மறுபடி உதவுகிறது. பிற்பாடு வந்த லாக்டோஸ் காலனிகளை ஒரு தட்டில் வரிசையாக நட்டு வளர்த்து, அவற்றைத் தேர்வுக்குத் தொடர்பில்லாத பல தட்டுகளில் பிரதி எடுங்கள். மற்றொரு சர்க்கரை, கூடுதல் வெப்பம், வேறொரு மருந்து, இப்படி. செல் தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டது என்றால் மற்ற ஜீன்கள் தொடப்படாமல் இருக்க வேண்டும். 1997-இல் வெளிவந்த ஆய்வுகள் தேர்வுக்குத் தொடர்பில்லாத ஜீன்களிலும் மாற்றங்கள் கூடியிருப்பதைக் காட்டின. குறிவைத்த மாற்றம் என்ற கருத்து அங்கே தளர்ந்தது. ஆனால் பழைய பாடமும் அப்படியே மிஞ்சவில்லை. பட்டினியில் பிழை மலிந்த டிஎன்ஏ பாலிமரேஸ் ஒன்று, நான்காம் எண் கொண்டது, வேலைக்கு வருகிறது. உடைந்த டிஎன்ஏவை ஒட்டும் ரெக் புரதங்கள் இல்லாவிட்டால் பிந்திய காலனிகள் பெருமளவு குறைந்துவிடுகின்றன. லாக்டோஸ் ஜீனைப் பிளாஸ்மிடிலிருந்து குரோமோசோமுக்கு மாற்றினாலும் குறைகின்றன. மாற்றத்தின் வீதம் எப்போதும் ஒன்றல்ல, எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இது நெருக்கடியால் வீதமே கூடுவதன் விளைவு என்பது ஒரு தரப்பு. முன்பே இரட்டித்திருந்த பழுதான ஜீன் பல படிகளாகப் பெருகி, மெல்ல வளர்ந்துகொண்டே திருந்துகிறது என்பது ஜான் ராத் தரப்பு. இரண்டுக்கும் இடையிலான வாதம் நீளமானது. வகுப்பில் இரண்டையும் சொல்வதே நேர்மை.

ஒப்பீட்டுக்காக வைக்கும் கட்டுப்பாட்டுத் தட்டின் அருமைக்கு ஓர் உதாரணம் போதும். மியூ என்ற வைரஸ் டிஎன்ஏ தானே வெட்டிக்கொண்டு வெளியேறினால்தான் வளர முடியும் என்ற நிலையில் உள்ள செல்கள், தேவை வந்தபோது மட்டும் அதை வெட்டுகின்றன என்று முதலில் தோன்றியது. ஜேம்ஸ் ஷாப்பிரோவின் 1984 ஆய்வு அது. தேர்வு இல்லாத வெறும் பட்டினியிலும் அந்த வெட்டு நடக்கிறது என்று ஜான் மிட்லரும் ரிச்சர்ட் லென்ஸ்கியும் 1990-இல் காட்டினார்கள். ஆகவே லாக்டோஸ் தட்டு ஒவ்வொன்றுக்கும் லாக்டோஸ் இல்லாத தட்டு ஒன்று. அதே நாள் பட்டினி, அதே துணி, அதே வரிசை. செட்டில் அதற்கான தட்டு எண்ணிக்கை இருக்காது, கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

இந்தத் துணியில் மிக அழகாகத் தெரிவது இன்னொரு மாற்று வழி: புதுத் திறன் வெளியிலிருந்து மொத்தமாக வந்து சேர்வது. ஜப்பானில் 1950-களின் இறுதியில், சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே தாவலில் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குப் போவதைக் கண்டுபிடித்தார்கள். நான்கு மருந்துக்கு நான்கு மாற்றம் தனித்தனியே தற்செயலாகச் சேர வேண்டிய தேவையே அங்கே இல்லை. பள்ளி கல்லூரியில் மருந்தெதிர்ப்புப் பிளாஸ்மிடுகளைத் தொட வேண்டாம். லாக்டோஸ் ஜீனைச் சுமக்கும் எஃப் பிளாஸ்மிட் போதும்.

கொடுப்பவர் அந்தப் பிளாஸ்மிட் உள்ள, ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மடியும் வகை. வாங்குபவர் லாக்டோஸ் செரிக்காத, ஸ்ட்ரெப்டோமைசினைத் தாங்கும் வகை. வாங்குபவரை உப்பு நீரில் இரண்டு முறை கழுவி, லாக்டோஸும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த எம்9 தட்டில் 0.1 மி.லி. பரப்பி உலர விடுங்கள். வகைகளுக்கு அமினோ அமிலமோ வைட்டமினோ தேவைப்பட்டால் அதையும் சேர்க்க வேண்டும். மறந்தால் தட்டு வெறுமையாகவே இருக்கும், காரணம் தேடி இரண்டு நாள் போகும். கொடுப்பவரின் காலனிகள் பதிந்த துணியை அதன்மேல் மெல்ல வையுங்கள். 37 டிகிரியில் ஒன்றிரண்டு நாளில், கொடுப்பவர் காலனி இருந்த இடங்களில் மட்டும் வளர்ச்சி தெரியும். கழுவாமல் விட்டால் ஒட்டிவந்த எல்பி உணவில் தட்டு முழுக்க மூட்டம் போடும், ஒன்றும் பிரித்தறிய முடியாது. இரு பக்கமும் தனித்தனியே அதே தட்டில் வைத்த கட்டுப்பாடுகள் வெறுமையாக இருக்க வேண்டும்.

இந்தத் தட்டையும் ரிஃபாம்பிசின் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 40 கோடியில் ஒரு செல் என்ற கணக்கில் ஓர் எழுத்து மாறிய பாக்டீரியா. மற்றதில் தொட்ட இடமெல்லாம் ஒரு முழுச் செரிமான அமைப்பே கைமாறிய பாக்டீரியா. பரிணாமத்தின் புதுமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது. அந்த ஜீன்கள் முதன்முதலில் எப்படி உண்டாயின என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கைமாற்றம் பரப்பும், சேர்க்கும். ஆக்கியது எது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

துணிக்கு எட்டாதவையும் உண்டு. மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்ட தாவும் ஜீன்கள் (1983-இல் நோபல்), மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனி பாக்டீரியாக்கள் என்று 1967-இல் லின் மார்குலிஸ் வாதிட்ட கூட்டுவாழ்வு, இவற்றை ஒரு வாரத் தட்டில் காட்ட முடியாது. ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். தயிர் உறையவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், தாக்கிய வைரஸின் டிஎன்ஏ துண்டையே தன் டிஎன்ஏவில் உள்ள கிரிஸ்பர் என்ற வரிசையில் சேர்த்துக்கொண்டு, அதே வைரஸை எதிர்க்கும் திறனைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறது என்று 2007-இல் தெரியவந்தது. லூரியா கேட்ட அதே கேள்விதான். வைரஸ் எதிர்ப்பு எப்போது வருகிறது? இந்தப் பாக்டீரியாவில் அது வைரஸிடமிருந்தே வருகிறது. எந்தத் துண்டு எடுக்கப்படும் என்பதில் தற்செயல் இருக்கிறது, யாருடைய துண்டு என்பதில் இல்லை. ஈ. கோலை கே-12-இலும் கிரிஸ்பர் உண்டு, ஆனால் வழக்கமான ஆய்வக வளர்ப்பில் அது அடக்கப்பட்டுக் கிடக்கிறது. உயிரி மாறினால் விடையும் மாறலாம் என்று செய்முறைத் தாளின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

ரிஃபாம்பிசினைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. காசநோய்க்கு முதல் வரிசை மருந்து அது. அந்தக் கிருமியில் எதிர்ப்புத் தரும் மாற்றங்களில் பெரும்பாலானவை ஆர்பிஓபி என்ற ஜீனின் 81 எழுத்துப் பகுதிக்குள் விழுகின்றன. ஈ. கோலையிலும் மாற்றம் விழுவது அதே ஜீனில்தான். ஒரே மருந்து கொடுத்தால் முன்பே இருக்கும் எதிர்ப்புக் கிருமிகள் மேலெழும் என்பதாலேயே சிகிச்சை கூட்டு மருந்தாக இருக்கிறது. மாணவருக்கு இதைச் சொன்னால் வெறும் தட்டுக்கும் 107-க்கும் உள்ள வித்தியாசம் மறக்கவே மறக்காது.

யாருக்கு எது? பள்ளிக்கு அலுமினியக் கட்டை ஒன்று, துணி 12, கே-12 வகை ஒன்று, லாக்டோஸ் பிளாஸ்மிட் இணை ஒன்று. இவ்வளவில் இரண்டு பாடமும் நடந்துவிடும். கல்லூரிக்கு எஃப்சி40 இணையையும் சேர்த்து, ஒரு முழு வாரம் ஒதுக்க வேண்டும். ஈ. கோலை வகைகளுக்குச் சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர்க் காப்பகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். எறியும் அட்டைகளை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஓரிரு பிரதிக்கு மேல் தாங்காத அட்டையில், ஐந்து தட்டு வரிசையின் கடைசிக் கட்டுப்பாட்டுத் தட்டே பொருளற்றுப் போகும்.

வேலை முடிந்ததும் தட்டுகளையும் துணிகளையும் 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே கழுவவோ குப்பைக்கு அனுப்பவோ வேண்டும். தொட்டியில் கொட்டக் கூடாது. துணியை பிளீச்சில் ஊறவைத்தால் மயிர் உதிரும். வெந்நீரில் அலசி, ஈரமாக இருக்கும்போதே மென்மையான பிரஷால் மயிரை ஒரே திசையில் நிமிர்த்தி, நிழலில் காயவைத்து, அலுமினியத் தாளில் தட்டையாகச் சுற்றி வையுங்கள். மடித்து வைத்த துணியின் மடிப்புக் கோடு, அடுத்த சோதனையில் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் வளர்ச்சியே இல்லாத ஒரு பட்டையாக வந்து நிற்கும்.